பேண்டு அறையில் ஓர் இயற்பியல் வாத்தியார்

(திருவண்ணாமலையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தன் பாடம் அல்லாத வகுப்புக்குப் போய் நிற்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் பள்ளிகளில் இது அன்றாடம் நடப்பதுதான். தமிழாசிரியர் லீவு போட்டால் கணக்கு வாத்தியார் உள்ளே போய் உட்காருவார். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள், அவர் திருத்த வேண்டிய நோட்டைத் திருத்துவார், மணி அடிக்கும். அந்தக் காலி பீரியடைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. பேண்டு வகுப்பு அப்படிப்பட்டதல்ல. பிள்ளைகள் கையில் டிரம் குச்சியோடு நிற்கும்போது யாரையும் நோட்டை எடுத்து எழுதச் சொல்ல முடியாது.

நம் மாவட்டத்தில் பள்ளி பேண்டு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நாலைந்து சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு ஜோடி சிம்பல், பியூகிள் இரண்டு, வசதியுள்ள பள்ளியாக இருந்தால் கொஞ்சம் புல்லாங்குழல். ஆகஸ்ட் 15, ஜனவரி 26, விளையாட்டு விழா, சிறப்பு விருந்தினர் வரவேற்பு. இதற்குப் பொறுப்பு யார்? பி.டி. சார். இசை படித்தவர் ஒருவர் பேண்டு நடத்துவது அபூர்வம். ஆகவே பாடத்துக்கு வெளியே இருக்கும் ஆள் நடத்துவது என்பது பேண்டைப் பொறுத்தவரை விதிவிலக்கே இல்லை, அதுதான் விதி. பி.டி. சாரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடி பிசகாமல் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்றால் அது அவர் போட்ட உழைப்பு. அவர் தன் பாடமான டிரில்லைக் கொண்டுவந்து அங்கே வைத்தார், அதனால் பேண்டு பிழைத்தது. இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்கு நான் நீட்டிப் பேசப் போகிறேன்.

இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பி.டி. சார் பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்த சமயம், சுதந்திர தின ஒத்திகை நெருங்கிவிட்டது. தலைமை ஆசிரியை எனக்குப் பழக்கம். "சார், நீங்க சும்மா கூட இருந்தா போதும், பசங்களே அடிச்சிக்குவாங்க" என்றார். நான் இயற்பியல் வாத்தியார். வீட்டில் யாரும் பாடி நான் கேட்டதில்லை. போனேன்.

பேண்டு அறை என்று பேர், உண்மையில் அது விளையாட்டுச் சாமான் அறை. வலைப்பந்துக் கம்பத்துக்கும் கிழிந்த ஹை ஜம்ப் மெத்தைக்கும் நடுவே டிரம்மெல்லாம் அடுக்கியிருந்தது. ஒரு பையன் சைடு டிரம்மை எடுத்து மடியில் வைத்தான். தோலின் நடுவில் தட்டவில்லை. விளிம்பை ஒட்டி, ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் விரல் நுனியால் தட்டிக்கொண்டே வட்டமாக வந்தான். ஓரிடத்தில் நின்றான். அதற்கு நேர் எதிரே இருந்த திருகாணியைக் கால் சுற்று முறுக்கினான். மறுபடி தட்டினான். "இங்க மட்டும் அழுவுது சார்" என்றான். எனக்கு எல்லா இடமும் ஒன்றாகத்தான் கேட்டது. யாரிடம் கற்றான் என்று விசாரித்தேன். வீட்டில் தவில் இருக்கிறதாம்.

அவன் செய்தது சரி என்பதற்கான காரணத்தை என்னால் கரும்பலகையில் எழுதிக்காட்ட முடியும். வட்டமான தோல் ஒன்று அதிரும்போது ஒரே சுரம் வராது, பல சுரங்கள் சேர்ந்து வரும். அடிச் சுரத்தை 1 என்று வைத்தால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத எண்களாக இருக்கும். அதனால்தான் டிரம் சத்தம் போடுகிறதே தவிர சுரம் பிடிப்பதில்லை. இழுவை சமமாக இல்லாவிட்டால் இந்த ஒட்டாத கூட்டம் இன்னும் கலைந்துபோகும். மிருதங்கம் இதிலிருந்து தப்பித்த வாத்தியம். வலந்தலையின் நடுவே பூசும் கருப்புச் சாந்து அந்த எண்களை 2, 3, 4, 5 என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. 1920-இல் சி. வி. ராமனும் அவரோடு குமார் என்பவரும் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே மிருதங்கம் செய்தவர்களுக்கு இது கைப்பழக்கம். ராமன் போய் மிருதங்கம் கற்றுக்கொடுக்கவில்லை. மிருதங்கம் ஏற்கெனவே சாதித்திருந்ததை அளந்து, ஏன் என்று சொன்னார். அந்தப் பையனிடமும் என் வேலை அவ்வளவுதான் என்று புரிந்தது. "ஏன் எதிர்ப் பக்கத்தை முறுக்குனே?" என்று அவனைக் கேட்டேன். அவனால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பக்கமும் சமமா இழுக்கணும்னு சொல்றீங்க, அதான சார்" என்று முடித்துவிட்டான். என் முப்பது நிமிட விளக்கம் ஒரு வரியில் போயிற்று.

அடுத்தது பியூகிள். அதற்குத் துளையும் கிடையாது, வால்வும் கிடையாது, சுருட்டி வைத்த பித்தளைக் குழாய். ஊதுகிறவன் உதட்டை இறுக்கித் தளர்த்தித்தான் சுரம் மாற்ற வேண்டும். எப்படி ஊதினாலும் அந்தக் குழாய்க்கு என்று விதித்த சுரங்கள் மட்டுமே வரும். அழைப்புகளுக்குப் பயன்படுபவை பெரும்பாலும் ஐந்து. அவற்றின் அதிர்வெண்கள் 2, 3, 4, 5, 6 என்ற விகிதத்தில் இருக்கும். நம் கணக்கில் சொன்னால் கீழே ஒரு சட்ஜம், பஞ்சமம், மேலே சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். ரிஷபம் இல்லை, மத்திமம் இல்லை, நிஷாதம் இல்லை. போர் நினைவுச் சின்னங்களில் ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்' முழுக்க இந்தச் சில சுரங்களுக்குள் அடங்கிவிடும். இதைச் சொன்னபோது பியூகிள் ஊதும் பெண் கண்ணை அகல விரித்தாள். அவள் இதுவரை 'ரி' வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். குழாயில் அது இல்லை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இனி மைதானத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அணிவகுப்பில் பேண்டு முன்னே போகும். பின்னால் சாரணர், ஜே.ஆர்.சி., என்.எஸ்.எஸ். என்று வரிசை வரிசையாக வரும். எந்த ஒத்திகையிலும் கடைசி வரிசைப் பிள்ளைகள் திட்டு வாங்குவார்கள். "பின்னாடி தூங்குறானுங்க", "காது கேக்கலையா" என்ற வசவு எல்லா மைதானத்திலும் கேட்கும். அன்றும் அப்படித்தான். முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 70 மீட்டர். ஒலி காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. பேஸ் டிரம்மின் அடி கடைசிப் பிள்ளையின் காதுக்கு வர 0.2 விநாடி ஆகும். விரைவு நடை நிமிடத்துக்கு 120 அடி, அதாவது ஓர் அடிக்கு அரை விநாடி. ஆகவே கடைசிப் பிள்ளை காதால் மட்டும் கேட்டு நடந்தால், முன் வரிசைக்கு ஓர் அடியில் ஐந்தில் இரண்டு பங்கு பிந்தித்தான் கால் வைக்க முடியும். வரிசை 170 மீட்டர் நீண்டால் முன்னே இடது கால் விழும்போது பின்னே வலது கால் விழும். பழைய இயற்பியல் கணக்குப் புத்தகங்களில் இது வழக்கமான பயிற்சிக் கணக்கு. நானே எத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில் போட்டிருப்பேன். சிப்பாய்கள், பேண்டு, இத்தனை மீட்டர், எத்தனை விநாடி. கணக்கில் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அதே மைதானத்தில் அதே காரணத்துக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொடிக்கம்ப மேடையில் ஒரு பெண்ணை ஏற்றினேன். டிரம் அடிக்கட்டும், எல்லாரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றட்டும், நீ கால்களை மட்டும் பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "சார், காலு அலை அலையா போகுது சார்! முன்னாடி இருந்து பின்னாடி போகுது!" மற்றவர்களும் மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மேடையில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப தப்பு எங்க மேல இல்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். அதற்கு மேல் ஒரு கைதட்டல் வேண்டுமா! ஒலியின் வேகத்தை அதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

பிறகு பேஸ் டிரம்மை வரிசையின் நடுவுக்குக் கொண்டுபோனோம். நடுவில் இருந்து எந்தக் கடைசிக்கும் 35 மீட்டர்தான், பிசகு பாதியாகக் குறைந்தது. முன்னால் கோல் பிடித்து நடப்பவனின் கையைக் கண்ணால் பிடிக்கச் சொன்னோம், ஒளிக்குத் தாமதம் கிடையாது அல்லவா. பி.டி. சார் திரும்பி வந்ததும் இதைப் பார்த்துவிட்டு, "ராணுவத்துலயும் நீளமா போனா பேண்ட நடுவுலதான் வெப்பாங்க சார்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பள்ளியில் பேண்டு முன்னே வந்தால்தான் விருந்தினருக்குப் பார்க்க அழகு என்று சொல்லிவிட்டார்களாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. தீபத் திருவிழாவின் பத்து நாளும் மாட வீதியில் சுவாமி புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நாகசுரக்காரரும் தவில்காரரும் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அத்தனை ஜன இரைச்சலிலும் கை எட்டும் தூரத்துக்குள் நின்றுகொள்வார்கள். பேண்டு கண்ணை நம்பி நீண்டு நடக்கிறது, மேளம் காதை நம்பி நெருங்கி நிற்கிறது. சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியை அந்தத் தவில் வீட்டுப் பையன் டெஸ்கில் தட்டிக் காட்டினான். ஒரே சொற்கட்டை முதலில் நிதானமாக, பிறகு இரட்டை வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டை வேகத்தில். கால் மட்டும் மாறாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சைடு டிரம்மில் இரண்டு தினுசு அடியைத் தவிர வேறு தெரியாது என்று பேர் வாங்கிய பையன் இவன். அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பள்ளி பேண்டு வேறு, கோயில் மேளம் வேறு என்று அவனுக்கே ஒரு நினைப்பு இருந்திருக்கிறது.

அந்த நினைப்பு தவறு என்பதற்கு முத்துசுவாமி தீட்சிதரை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார்களின் ஆதரவில் இருந்தது. கம்பெனியோடு தொடர்பிலிருந்த மணலி சின்னையா முதலியார் அவர்களை ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் ஐரோப்பிய பேண்டைக் கேட்க வைத்தார். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். இன்று கச்சேரி மேடையில் வயலின் இல்லாமல் முடியாது என்ற நிலை உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அண்ணன் என்ன செய்தார்? பேண்டு மெட்டுகளை எடுத்து, சங்கராபரணத்தில் வைத்து, சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நாற்பதை ஒட்டிய அந்த உருப்படிகளுக்கு நோட்டு சுரம் என்று பேர். ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் மெட்டிலேயே ஒன்று இருக்கிறது. இன்றும் பாட்டு வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு நோட்டு சுரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே தீட்சிதர்தான் பஞ்சபூதத் தலங்களுக்குக் கிருதி செய்தபோது நம் அண்ணாமலையாருக்காக சாரங்கா ராகத்தில் 'அருணாசலநாதம்' பாடினார். கோட்டை பேண்டும் அருணாசலமும் ஒரே மனிதரின் காதுக்குள் இருந்திருக்கின்றன.

அவர் வெள்ளைக்காரர்போல் வாசிக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு ஒருவருடைய சபைக்குப் போனார், தன்னிடம் இருந்த வித்தையை அங்கே இறக்கினார். இன்னொருவர், ஏ. எம். சின்னசாமி முதலியார். அரசாங்க உத்தியோகஸ்தர், கிறிஸ்தவர், ஐரோப்பிய இசை எழுத்து முறை அறிந்தவர். தென்னாட்டுக் கீர்த்தனைகளை அந்த முறையில் எழுதி 1893-இல் அச்சில் கொண்டுவந்தார். வித்வான்கள் செய்யாத வேலையை வெளியாள் ஒருவர் செய்தார். ஆனால் வித்வான் இல்லாமல் செய்யவில்லை. சுப்பராம தீட்சிதரிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். ராமனுக்கு மிருதங்கம் எப்படியோ, சின்னசாமி முதலியாருக்கு சுப்பராம தீட்சிதர் அப்படி.

இதற்கு நேர் எதிரான வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜாகோதோ என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1818-இல் லூவென் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனார். மாணவர்களுக்கு பிரெஞ்சு தெரியாது, அவருக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. இரண்டு மொழியும் எதிரெதிரே அச்சான ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படித்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் பிரெஞ்சு எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். உடனே அவர், தெரியாததையும் கற்பிக்கலாம் என்று சொல்லி, தனக்குக் கொஞ்சமும் வராத ஓவியத்தையும் பியானோவையும் நடத்தக் கிளம்பினார். ராங்சியேர் என்ற தத்துவவாதி 1987-இல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. வாத்தியாரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் வரை எனக்கும் உடன்பாடே. ஆனால் பியூகிள் ஊதும் பெண்ணின் உதடு தப்பாகப் பழகிவிட்டால் எந்தப் புத்தகமும் அதைத் திருத்தாது. டிரம் குச்சியைத் தவறாகப் பிடித்தால் மணிக்கட்டு வலி வாழ்நாள் முழுக்கப் பின்னாலேயே வரும். அந்த இடத்தில் கையைப் பிடித்துத் திருத்தத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். நான் அந்த ஆள் அல்ல.

வெனிசுவேலாவின் கதையையும் இப்படித்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஹோசே அந்தோனியோ அப்ரேயு, பொருளாதாரம் படித்தவர், 1975-இல் ஒரு கார் கொட்டகையில் பதினொரு பேரோடு தொடங்கிய இசைப் பள்ளி நாடு முழுக்கப் பரவியது. பார்த்தீர்களா, பொருளாதார வாத்தியாரே செய்துவிட்டார் என்பார்கள். அவர் சின்ன வயதிலிருந்து இசை படித்தவர் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

நிர்வாகத்துக்கு இந்தக் கதைகளெல்லாம் வசதி. யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்றால் ஆள் போட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதையொட்டி 2012-இல் தமிழகத்தில் 16,549 பேரை எடுத்தார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்காருவதைச் செய்தியில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த நிலையில் உள்ளவரிடம் போய், அப்படியே பேண்டையும் பார்த்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விருந்தாளியாகப் போகும் என்னைப் போன்றவர்கள் போகலாம், போகவேண்டும் என்றே சொல்வேன். கணக்கு டீச்சர் தாளத்தின் பின்னத்தைக் கொண்டு போகட்டும், வரலாறு சார் தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் அரண்மனை பேண்டைக் கொண்டு போகட்டும், வேதியியல் சார் பித்தளையில் பச்சை பிடிப்பது ஏன் என்று பியூகிளை வைத்தே சொல்லட்டும். பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் பேண்டு வகுப்பு நடந்தது என்று அன்றைக்குப் பதிவேட்டில் எழுதாதீர்கள். இயற்பியல் நடந்தது என்று எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கணக்கு எழுதுவதால்தான் இசை ஆசிரியர் இடம் காலியாக இருப்பதே யார் கண்ணிலும் படுவதில்லை.

நம் ஊரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரம், தவில், தேவாரம், குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் என்று மூன்று வருஷம் படித்துச் சான்றிதழோடு வெளியே வருகிறார்கள். அவர்களில் பலர் முகூர்த்த மாதங்களில் மட்டும் வேலை பார்த்துவிட்டு ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில் இருக்கிறார்கள். சுதந்திர தின ஒத்திகை எப்போது வருகிறது? ஆடியில்தான் வருகிறது. தவில் படித்தவருக்குச் சைடு டிரம் வராதா என்று கேட்பீர்கள். குச்சியின் பிடி வேறு, உண்மைதான், பழகிக்கொள்ள அவருக்கு இரண்டு வாரம் போதும். லயம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தவில் வீட்டுப் பையனின் தாத்தாவை நான் பள்ளிக்கு அழைத்துப் போனேன். டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள மறுத்துவிட்டார், நாற்காலியில் வைத்துத்தான் வாசித்தார். பிள்ளைகளிடம், "எண்ணாதப்பா, பாடு, வாயால சொல்லிப் பாடு, அப்புறம் கை தானா வரும்" என்று கொன்னக்கோலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் சைடு டிரம்காரர்கள் "லெஃப்ட், ரைட்" எண்ணுவதை விட்டுவிட்டுத் தகதிமி சொல்லிக்கொண்டு நடந்தார்கள். பி.டி. சாருக்குக் கொஞ்சம் சங்கடம், ஆனால் அடி சுத்தமாக விழுந்ததால் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அந்தத் தாத்தாவுக்கு ஒரு சால்வையும் டீயும்தான் கொடுத்தோம். கோயிலிலோ கல்யாணத்திலோ அதே நேரம் வாசித்திருந்தால் அவருக்குக் கூலி கிடைத்திருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து தற்காலிக ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்கு ஒரு தவில்காரருக்கோ நாகசுரக்காரருக்கோ அதே வழியில் கொடுக்க என்ன தடை என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் இங்கேயே சொல்லலாம். தலைமை ஆசிரியர்கள் மூன்று பேர் முன் வரிசையில் இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தை இதிலிருந்தே தொடங்குவோம்.